பயிற்சி முடித்தவர் எங்கே வேலை செய்கிறார் என்று அரசுக்கு எப்படித் தெரியும்?

கொலம்பியா ஆற்றின் வடகரையில் வான்கூவர் நகரம். கனடாவில் இருக்கும் வான்கூவர் வேறு. இது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது. தென்கரையில் போர்ட்லாந்து, அது ஓரிகன் மாநிலம். வடகரையில் குடியிருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டித் தென்கரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வான்கூவரில் கிடங்கு வேலை போய்விட்டது. அரசு செலவில் நர்சிங் உதவியாளர் பயிற்சி எடுக்கிறார். மாலையில் அரசு நிதியில் நடக்கும் ஆங்கில வகுப்பு. பிறகு போர்ட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைக்கிறது. பயிற்சி அவருக்குப் பலன் தந்துவிட்டது. ஆனால் அது அரசின் கணக்கில் ஏற வேண்டுமே?

கூப்பிட்டுக் கேட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் வேலை போனவர்கள் வீடு மாறுவார்கள், போன் எண்ணும் மாறும். பதில் சொல்ல வருகிறவர்களில் வேலை கிடைத்தவர்களே அதிகம் இருந்துவிட்டால், கணக்கு நிஜத்தைவிட அழகாகத் தெரியும். அதனால் அமெரிக்க அரசு வேறொரு வேலைக்காக உருவான கோப்பைத் திறந்து பார்க்கிறது.

அந்தக் கோப்பின் பெயர் ஊதியப் பதிவு. 1935-ஆம் ஆண்டின் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தோடு அங்கே வேலையின்மைக் காப்பீடு வந்தது. அதற்காக முதலாளிகள் ஒவ்வொரு காலாண்டும் மாநில அரசுக்கு ஒரு பட்டியல் தர வேண்டும்: தொழிலாளியின் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் தனி அடையாள எண்), அந்த மூன்று மாதத்தில் கொடுத்த மொத்தச் சம்பளம். சம்பளம் வாங்குகிற வேலைகளில் மிகப் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். பயிற்சிக் கோப்பில் இருக்கும் எண்ணை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், அவர் வேலையில் இருக்கிறாரா, எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்துவிடும். அவரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

2014-இல் ஒபாமா கையெழுத்திட்ட வேலைத்திறன் சட்டமும் இதைக் கட்டாயமாக்குகிறது. தொழிலாளர் துறை, கல்வித் துறை இரண்டின் கீழும் உள்ள ஆறு முக்கியத் திட்டங்களுக்கு ஒரே மாதிரியான ஆறு அளவுகோல்களை வைத்தது. அவற்றில் மூன்று ஊதியப் பதிவை நம்பியே நிற்கின்றன: திட்டத்தை விட்டு வெளியேறிய பின் இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காவது காலாண்டிலும் இருக்கிறாரா, இரண்டாவது காலாண்டில் இடைநிலைச் சம்பளம் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது) எவ்வளவு.

'வெளியேறிய' தேதியைக் கண்டுபிடிப்பதற்கே காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு 90 நாள் எந்தச் சேவையும் தராமல், இனித் தருவதாகவும் இல்லாமல் இருந்தால், கடைசியாகச் சேவை பெற்ற நாளே வெளியேறிய நாள் என்று பின்தேதியிட்டு எழுதப்படும். நம் பெண் கடைசியாகச் சேவை பெற்றது 2023 பிப்ரவரி என்றால், இரண்டாவது காலாண்டு அந்த ஆண்டின் ஜூலை முதல் செப்டம்பர் வரை. முதலாளி பட்டியல் தர அக்டோபர் கடைசி ஆகிவிடும். நான்காவது காலாண்டு 2024 ஜனவரி முதல் மார்ச் வரை. அந்தப் பட்டியல் வர ஏப்ரல் கடைசி. பயிற்சி நடத்தியவருக்குத் தன் வேலை எப்படி இருந்தது என்று தெரிய ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது.

சரி, இப்போது பாலத்துக்கு வருவோம். ஊதியப் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. பயிற்சி தந்தது வாஷிங்டன், சம்பளப் பட்டியல் போவது ஓரிகனுக்கு. வாஷிங்டன் தன் கோப்பை மட்டும் பார்த்தால் இந்தப் பெண்ணைக் காணோம். காணோம் என்றால் கணக்கில் வேலை இல்லாதவர். இதற்காகத்தான் மாநிலங்கள் ஊதியப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. முன்பு இரண்டாகப் பிரிந்திருந்த அந்த ஏற்பாடு 2020-இல் ஒன்றாக்கப்பட்டது. தேவையான எண்களை மட்டும் கேட்டுப் பதில் வாங்குகிறார்கள்.

எண் இருக்கும்வரை இவ்வளவும் சுலபம். ஆங்கில வகுப்பின் கோப்பில் எண் இல்லாமல் போகலாம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தர மறுத்தார் என்பதற்காக ஒருவரை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்ப முடியாது. எனக்கு இது மிகச் சரியான விதியாகவே படுகிறது. ஆனால் எண் இல்லாவிட்டால், பயிற்சிக் கோப்பு போல எண் இருக்கும் வேறொரு கோப்பில் பெயர், பிறந்த தேதி, முகவரி இவற்றை வைத்து அவரைத் தேடி, இரண்டு கோப்பில் இருப்பது ஒரே ஆள்தானா என்று முடிவு செய்ய வேண்டும்.

இதற்கான கணிதத்தின் வேர் கனடாவில் இருக்கிறது. 1959-இல் ஹோவர்டு நியூகோம்ப் என்ற மரபியல் ஆய்வாளர் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியில் இணைக்க ஒரு வழி சொன்னார். 1969-இல் ஐவன் ஃபெல்லஜி, ஆலன் சன்டர் இருவரும் அதற்கு முறையான கோட்பாடு எழுதினார்கள். யோசனை எளிமையானது. இரண்டு பதிவும் ஒரே ஆளுடையது என்றால் பிறந்த மாதம் ஒத்துப்போக வாய்ப்பு, எழுத்துப் பிழையைக் கழித்து, 95 சதவீதம் என்று வைப்போம். வேறு வேறு ஆள் என்றால் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு ஏறக்குறைய 12-இல் 1. ஆக, மாதம் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பதற்கு ஆதரவு 11 மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆணா பெண்ணா என்பது ஒத்துப்போனால் இரண்டு மடங்குகூட முழுதாகத் தேறாது. அரிதான குடும்பப்பெயர் ஒத்துப்போனால் ஆதரவு பல நூறு மடங்கு கூடும். ஸ்மித் ஒத்துப்போனால் அவ்வளவு இல்லை. எல்லாவற்றையும் பெருக்கி, ஓர் எல்லையைத் தாண்டினால் 'ஒரே ஆள்' என்று இணைக்கிறார்கள்.

பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாதபோது ஒலியைப் பார்க்கிறார்கள். 1918-இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்து, மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக்கும். 1930-களில் சோஷியல் செக்யூரிட்டியின் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் வயதைப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட வேண்டியிருந்தது. அதற்கான சவுண்டெக்ஸ் அட்டைகளைத் தயாரித்தவர்கள், வேலையில்லாதவர்களுக்கு வேலை தந்த அரசுத் திட்டத்தின் தொழிலாளர்கள். அரசு வேலைத்திட்டங்களும் பெயர்ப் பொருத்தமும் அப்போதே சந்தித்துவிட்டன.

ஆனால் அந்த முறை ஆங்கிலக் காதுக்காகச் செய்தது. முருகேசனை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதினாலும் 'கே' போட்டு எழுதினாலும் ஒரே குறியீடுதான் வரும். அதுவே கணேசன் என்றால், முதல் எழுத்து 'ஜி'யா 'கே'யா என்பதில் இரண்டு வெவ்வேறு ஆட்களாகிவிடுவார். கனிமொழியின் ழகரத்தை ஒருவர் 'இசட் ஹெச்' என்றும் இன்னொருவர் 'எல்' என்றும் எழுதினால் குறியீடு மாறிவிடும். அப்புறம் நம் இனிஷியல். அப்பா பெயர் ஒரு கோப்பில் குடும்பப்பெயராகவும், இன்னொன்றில் வெறும் எழுத்தாகவும் கிடக்கும். அமெரிக்காவில் படிவம் நிரப்பிய தமிழர் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். பொருந்தாமல் விடுபடுகிறவர்கள் குலுக்கல் முறையில் விடுபடுவதில்லை. குடியேறியவர்கள், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்கள், இரண்டு குடும்பப்பெயர் வைத்திருக்கும் ஸ்பானிய மொழிக்காரர்கள், இவர்கள்தான் அதிகம் விடுபட வாய்ப்பு. சுயதொழில் செய்கிறவரும், செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பவரும் பெரும்பாலும் ஊதியப் பதிவிலேயே இருக்கமாட்டார்கள். வேறு ஆவணங்களைக் காட்டி அவர்களைச் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் அதற்கு ஓர் ஊழியர் ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும். அதைச் செய்யாத இடத்தில், குடியேறியவர்களுக்குப் பாடம் நடத்தும் வகுப்பு, தோற்காமலேயே தோற்றதாகக் கணக்கில் வரும்.

எண்கள் சரியாக வந்தபிறகும் ஒரு ஆபத்து உண்டு. வேலை கிடைத்தவர் சதவீதத்தை மட்டும் பார்த்து மதிப்பிட்டால், எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடியவரையே சேர்க்கத் தோன்றும். சிறையிலிருந்து வந்தவரும் உடல் ஊனமுற்றவரும் வரிசையின் கடைசிக்குப் போவார்கள். இதைத் தடுக்க, யாரைச் சேர்த்தார்கள், அந்த வட்டாரத்தில் வேலைநிலவரம் எப்படி என்பதைக் கணக்கில் எடுத்து இலக்கைச் சரிசெய்யும் புள்ளியியல் மாதிரி ஒன்றைச் சட்டமே கேட்கிறது. கடினமானவர்களை ஏற்றுக்கொண்ட அலுவலகத்துக்கு இலக்கு குறையும். சேர்ந்தவரின் பின்னணி ஒரு கோப்பில், வட்டார நிலவரம் இன்னொன்றில், சம்பளம் மூன்றாவதில். இணைக்காமல் இதைச் செய்யவே முடியாது.

ஊதியப் பதிவில் இரண்டு விவரங்கள் பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் இல்லை: எத்தனை மணி நேரம் வேலை செய்தார், என்ன வேலை செய்தார். ஒரு காலாண்டில் 9,360 டாலர் வாங்கிய இருவரைப் பாருங்கள். ஒருவர் வாரம் 40 மணி நேரம் உழைத்து, மணிக்கு 18 டாலர் வாங்குகிறார். மற்றவர் இரண்டு வேலையில் வாரம் 60 மணி நேரம் உழைத்து, மணிக்கு 12 டாலர் வாங்குகிறார். பதிவின் மொத்தத்தில் இருவரும் ஒன்று. வாஷிங்டனும் ஓரிகனும் மணிக்கணக்கையும் கேட்டு வாங்குகின்றன. வாஷிங்டனில் வேலையின்மைக் காப்பீடு பெறவே 680 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும் என்பதால் அந்த விவரம் அங்கே ஏற்கனவே தேவைப்பட்டது. அதனால் பாலத்தின் எந்தக் கரையில் வேலை பார்த்தாலும், அந்தக் கரையின் மாநிலப் பதிவை வைத்து நம் நர்சிங் உதவியாளர் மணிக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று கணக்கிட முடிகிறது.