பரப்புரையா, பிரச்சாரமா?

மல்லிகைக்குப் பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொடியை வெட்டாமல் வளைத்து, ஒரு கணுவை மட்டும் மண்ணுக்குள் புதைத்து, எழும்பாமலிருக்க மேலே ஒரு கல்லை வைப்பார்கள். கொஞ்ச நாளில் கணு வேர்விடும். இந்த வேலைக்கு லத்தீனில் ‘புரொபகாரே’ என்று பெயர். ஆங்கிலத்தின் புரொபகாண்டா என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

1622-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, கத்தோலிக்க விசுவாசத்தைப் பிற நாடுகளில் பரப்புவதற்கென்று ரோமில் ஒரு பேராயம் அமைத்தார். அதன் பெயரில் இந்தச் சொல் ஏறியது. ‘பரப்பப்பட வேண்டியது’ என்று பொருள். அப்போது அதில் பெரிய குற்றம் ஒன்றும் தொனிக்கவில்லை. இன்றுள்ள கெட்ட பெயர் பெரும்பாலும் முதல் உலகப் போர் கொடுத்தது.

தமிழில் முதலில் வடமொழிப் ‘பிரசாரம்’ புழங்கியது. மூலத்தில் ‘ச்’ இரட்டிக்காது. ஆனால் இன்று பலரும் எழுதுவது பிரச்சாரம்தான், அது நிலைத்துவிட்டது. தனித்தமிழ்ச் சொல் பரப்புரை: பரப்பு + உரை. சிக்கல் என்னவென்றால், வேட்பாளர் ஜீப்பில் நின்று கைகூப்புவதும் பரப்புரை, ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ் செய்ததும் பரப்புரை. ‘கொள்கை பரப்புச் செயலாளர்’ நம் கட்சிகளில் கௌரவமான பதவி. அந்த ரோமப் பேராயத்தின் பெயருக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைக்காது!

கோயபல்ஸ் என்றதும் ‘கோல்பெர்க்’ படத்தைச் சொல்லியாக வேண்டும். 1943-இல் அவர் ஆணையிட, ஃபைட் ஹார்லான் இயக்கிய வண்ணச் சரித்திரப் படம். 1807-இல் நெப்போலியனின் படை பால்டிக் கரையிலுள்ள கோல்பெர்க்கை முற்றுகையிட்டது, ஊர் பணியவில்லை. இது உண்மை. ஆனால் முற்றுகை நின்றது சமாதானத்தால். கோல்பெர்க் அடங்கிய ஜெர்மானிய அரசான பிரஷ்யா அந்தப் போரில் தோற்று, டில்சிட் உடன்படிக்கையில் ஏறக்குறைய பாதி நிலத்தை இழந்தது. படமோ ஊர்மக்களின் பிடிவாதத்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறது. பழைய கதையின் ஒரு கணுவை மட்டும் வளைத்துப் புதைத்துவிட்டார்கள். எதற்காக என்பது வெளிப்படை: ஜெர்மன் மக்களும் அப்படியே பணியாமல் போராட வேண்டும். படம் வெளிவருமுன்பே, 1944 அக்டோபரில், 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களைத் திரட்டும் மக்கள்படையை நாஜி அரசு அறிவித்திருந்தது.

துணை நடிகர்களாக 1,87,000 படைவீரர்கள் வந்தார்கள் என்று ஹார்லான் பின்னாளில் எழுதினார். ஆய்வாளர்கள் நம்புவதில்லை. ஆனாலும் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த எண்ணை விடுவதாயில்லை. பொய் வேர்பிடிப்பது இப்படித்தான் போலிருக்கிறது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 12-ஆம் ஆண்டு நாளான 1945 ஜனவரி 30 அன்று படம் வெளியானது. பெர்லினிலும், பிரான்ஸில் ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்த, எதிரிகள் சூழ்ந்திருந்த லா ரோஷெல் கோட்டையிலும் ஒரே நாளில் திரையிட்டார்கள். கோட்டைக்குப் படச்சுருள் பாராசூட்டில் இறங்கியது. மார்ச் 18-இல் நிஜக் கோல்பெர்க் சோவியத், போலந்துப் படைகளிடம் விழுந்தது. அந்தச் செய்தி போர் அறிக்கையில் வராதபடி கோயபல்ஸ் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் ‘பரப்புரை’யில் இருக்கும் ‘உரை’ எனக்கு இடிக்கிறது. சொல்லாமல் மறைத்ததை உரை என்று எப்படிச் சொல்வது? ‘கருத்துத் திணிப்பு’ என்பார்கள் சிலர். அதுவும் சரியில்லை, திணித்தால் பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடுமே.

நம் சினிமா விமர்சனங்களில் ‘பிரச்சார நெடி’ என்று ஒரு பிரயோகம் வெகுநாளாக உண்டு. பரப்புரைக்கு இல்லாத அந்த நெடி பிரச்சாரத்துக்கு ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அதனால் தேர்தலுக்குப் பரப்புரை என்றே எழுதுகிறேன். கோல்பெர்க் மாதிரியானவற்றை, தனித்தமிழ் நண்பர்கள் கோபித்தாலும் சரி, போர்க்காலப் பிரச்சாரப் படம் என்றுதான் சொல்வேன்.