1931 வாக்காளர் பட்டியல்: தோட்டத் தொழிலாளியின் பெயர் ஏறியதும் வெட்டுப்பட்டதும்

இலங்கையில் 1931இல் 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசு, ஜூன் மாதத்தில் அரசாங்க சபை என்ற சட்டசபைக்குத் தேர்தல். பின்னணி இவ்வளவு போதும். "அனைவருக்கும்" என்ற சொல் எங்கே சுருங்கியது என்பதைப் பதிவு விதிகளில்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் பிரஜையாக இருப்பது, வயது, தொகுதியில் ஆறு மாத வசிப்பு ஆகியவை எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் மூன்று வழிகளில் ஒன்றிலாவது தேற வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளியை மறித்தது இங்கேதான்.

படிப்பு, சொத்து வழியை முதலில் தள்ளிவிடலாம். ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றில் ஒன்றை எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். கூடவே மாதம் 50 ரூபாய் வருமானமோ 500 ரூபாய் பெறுமதியான நிலபுலனோ வேண்டும். 1929இல் மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாட்சம்பளம் 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மாதத்தில் 26 நாள் பேர் விழுந்தாலும், அதாவது வேலை நாளாகப் பதிவானாலும், ஆணுக்கு 14 ரூபாய்தான். குடியிருந்த லயக் காம்பராவோ, அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையோ, தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளைக்கும் ஆள்சேர்த்து வந்த பெரிய கங்காணிக்கும் உதவிய வழி இது. கொழுந்து பறித்தவளுக்கு அல்ல.

அடுத்தது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ். ஐந்து வருடத் தொடர் வசிப்பைக் காட்டி, இங்கேயே தங்குவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் இந்தியத் தொழிலாளருக்கென இருந்த தனிச் சட்டப் பாதுகாப்பு பறிபோகுமோ என்ற பயம் பரவியது. வாங்கியவர்கள் சொற்பம்.

மிஞ்சியது நிரந்தர வதிவிடம், அதாவது டொமிசைல். பெரும்பாலானோர் பட்டியலில் ஏறியது இந்த வழியில்தான். சிக்கல் என்னவென்றால், இது இங்கேயே தங்கிவிடும் எண்ணம் மனதில் இருப்பதை நிரூபிக்கச் சொல்லும் தகுதி. முப்பது வருடம் செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) பேர் இருந்தாலும், ஊருக்குப் பணம் அனுப்புகிறாய், அடிக்கடி போய்வருகிறாய், நீ தங்க வந்தவன் அல்ல என்று வாதாட இடமிருந்தது. தொடக்கத்தில் அதிகாரிகள் தாராளமாகப் பதிந்தார்கள். 1939இல் இந்திய வாக்காளர் சுமார் 2,25,000. சிங்களத் தலைவர்கள் முறையிட்டதும் 1940இல் விசாரணை இறுகியது. அத்தாட்சி காட்டும் சுமை தொழிலாளி தலையில். 1943இல் எண்ணிக்கை சுமார் 1,68,000. சட்டத்தில் தகுதி மாறவில்லை, அதைப் பார்த்த கண்தான் மாறியது.

இன்று தாத்தாவின் பெயரைப் பழைய பட்டியலில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1936 பட்டியலில் பெயர் இருந்தது என்பதால் பிரஜாவுரிமையும் இருந்தது என்று எண்ண வேண்டாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பட்டியலைச் சட்டைசெய்யவே இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்பே பதியப்படாத லயத்தில் அந்தத் துண்டு எங்கிருந்து வரும்? 1949இல் பிரஜையல்லாதோர் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தே எடுக்கச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1947 பாராளுமன்றத் தேர்தலில் வென்றது 7 ஆசனம், 1952இல் ஒன்றுமில்லை.