மூணாவது சென்டர் பேக் எதுக்கு?

ஆட்டம் முடிந்த இரவுகளில் பெரியமேட்டு டீக்கடைகளில் இன்னொரு ஆட்டம் தொடங்கிவிடும். ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்திலிருந்து சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் நீலச் சட்டையோடு வெளியே வரும் பத்துப் பேரைக் கேட்டால், பத்து விதமான பெஸ்ட் லெவன் கிடைக்கும். புது சைனிங் பற்றிய பேச்சு வந்துவிட்டால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

வியாசர்பாடியில் வளர்ந்த என் நண்பன் ஒருவன் ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் ஒரே கேள்வியைக் கேட்பான். "ரெண்டு சென்டர் பேக் நல்லா ஆடிட்டு இருக்கும்போது மூணாவது எதுக்கு மச்சான்? அவன் பெஞ்சுல உக்காரப் போறான். அந்தக் காசுல ஒரு ஸ்ட்ரைக்கர எடுக்கலாம்ல?"

சென்டர் பேக் என்றால் கோலுக்கு முன்னால் தற்காப்பின் நடுவில் நிற்பவர், ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் அடிக்க முன்னால் நிற்பவர். நியாயமான கேள்விதான். பதினொரு பேர் ஆடும் விளையாட்டில் பன்னிரண்டாவது ஆளிலிருந்து இருபத்தைந்தாவது ஆள் வரை என்ன வேலை? ரொம்ப நாளாக எனக்கும் பதில் தெரியாது. இப்போது தெரிந்தவரை சொல்கிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு, அப்புறம் உடம்பின் கதை.

ஒரு வீரர் எந்த ஒரு ஆட்டத்துக்கும் தயாராக இருக்க 90% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். காயம், காய்ச்சல், மஞ்சள் அட்டைத் தடை, தேசிய அணி அழைப்பு எல்லாம் சேர்த்து பத்து ஆட்டத்தில் ஒன்றைத்தான் அவர் தவறவிடுகிறார். நல்ல உடல்நிலை உள்ள வீரர்தான். இப்படி இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தில் இருக்க வாய்ப்பு 90-ஐ 90-ஆல் பெருக்கினால் வரும் 81%. மூன்று பேர் என்றால் 73%. ஏழாவது ஆளைச் சேர்க்கும்போதே பாதிக்குக் கீழே, 48%-க்கு இறங்கிவிடும். பதினொரு பேரும் ஒன்றாக இருக்க வாய்ப்பு? 31%.

2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவத்தில் 13 அணிகள். அணிக்கு 24 லீக் ஆட்டம். அந்த 24-இல் நம் மனதில் இருக்கும் பெஸ்ட் லெவன் முழுசாகக் களமிறங்கக் கூடியது ஏழெட்டு ஆட்டத்தில்தான். மீதி பதினாறு, பதினேழு ஆட்டத்தில் யாரோ ஒருவராவது இருக்கமாட்டார். டீக்கடையில் நாம் மணிக்கணக்கில் சண்டை போடும் அந்த அணி, பருவத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காத அணி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த 90% என்பதும் நிலையான எண் இல்லை. ஒருவரை எத்தனை ஆட்டம் ஆடவைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கரையும். அது ஏன் என்று தெரிய, தொடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு ஆட்டத்தில் களவீரர் சுமாராக 10 முதல் 13 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவான ஓட்டமும்தான். நடுநடுவே வரும் வேக ஓட்டங்கள், திடீர் நிறுத்தங்கள், திரும்பல்கள், இவைதான் உடம்பைத் தின்பவை. வேக ஓட்டத்துக்கான எரிபொருள் தசைக்குள்ளேயே கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாக இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் தொடையிலிருந்து ஊசியால் துளியளவு தசை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஏறத்தாழ பாதி தசை இழைகளில் கிளைக்கோஜன் காலியாகவோ காலியாகும் நிலையிலோ இருந்தது. சோறும் வாழைப்பழமும் நிறையச் சாப்பிட்டாலும் அது முழுசாக நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அடிபட்ட தசை இழைகள் சர்க்கரையை உள்ளே இழுப்பதில் சுணங்குவது அதற்கு ஒரு காரணம்.

அது என்ன அடி? சோளிங்கர் மலை ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை கட்டிக்கொண்டு உட்கார எழ முடியாமல் போவதற்குக் காரணம் இறங்கியதுதான். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட இப்படி நீண்டபடி பிரேக் போடுவதுதான் இழைகளை நுண்ணிய அளவில் கிழிக்கும். வலி உடனே வராது. ஒரு நாள் கழித்து ஏறத் தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும்.

கால்பந்து வீரர் இந்த பிரேக்கை ஒவ்வொரு வேக ஓட்டத்திலும் போடுகிறார். முன்னால் வீசப்படும் கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சாட்டை போல முன்னே பாய்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது பின்தொடையில் உள்ள மூன்று தசைகள். ஹாம்ஸ்ட்ரிங் என்று எல்லாரும் சொல்வது இவற்றைத்தான். நன்றாக நீண்டிருக்கும் அந்த நொடியில்தான் அவற்றின் மேல் அதிக இழுவிசை விழுகிறது. களைத்த தசை அந்த இழுவிசையைத் தாங்குவதில் தோற்கும்போது, பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கும் தசை, கிழிந்துவிடுகிறது. வீரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் வடசென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். காலையில் கால் இறுதி, சாயங்காலம் அரை இறுதி. எங்கள் அணியில் மொத்தமே பன்னிரண்டு பேர். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணித் தற்காப்புக்கு நடுவே முன்னால் தள்ளிவிட்ட ஒரு த்ரூ பாலைத் துரத்தினேன். பின்தொடையில் யாரோ கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஆளே இல்லை. அந்தப் பன்னிரண்டாவது ஆள் காலையிலேயே கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்ததால் மீதி நேரம் பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். அதற்கு முந்தைய நிமிடம் வரை எனக்கு எந்த வலியும் இல்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

'நன்றாகத்தான் ஓடினேன்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவின் ஒரு முன்னணி கிளப்பின் வீரர்களை இரண்டு பருவம் கண்காணித்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. வாரத்துக்கு ஒரு ஆட்டம் ஆடியபோது ஆயிரம் மணி நேரத்துக்கு 4.1 காயம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடியபோது அது 25.6. ஆறு மடங்கு! ஆனால் ஓடிய தூரத்திலும் வேக ஓட்டங்களிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கேலரியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவர் புதன்கிழமையும் சனிக்கிழமை போலவேதான் தெரிவார். "நல்லாத்தானே ஆடுனான், ஏன் அடுத்த மேட்ச் பெஞ்சுல உக்கார வெச்சாங்க?" என்று பயிற்சியாளரைத் திட்டுவோம். தசைக்குள் நடந்தது கண்ணுக்குத் தெரியாது.

2001-இல் தொடங்கி, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ, அங்குள்ள கிளப்புகளின் காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. அதன்படி 25 பேர் கொண்ட அணி ஒரு பருவத்துக்கு 15 தசைக் காயங்களை எதிர்பார்க்கலாம். 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12% ஆக இருந்த ஹாம்ஸ்ட்ரிங், 2021-22-இல் 24% ஆகிவிட்டது. ஆட்டத்தின் வேகம் கூடியதும் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடியதும் இதற்குக் காரணங்கள் என்கிறார்கள்.

இப்போது முதல் கணக்குக்குத் திரும்பினால் அது இன்னும் மோசமாகிறது. ஒருவர் காயப்பட்டால் அவர் இடத்தின் சுமை மற்றவர்கள் மேல் விழுகிறது. ஓய்வு கிடைக்காத அவர்களின் 90 மெல்ல 85 ஆகிறது, 80 ஆகிறது. மாற்று ஆள் இல்லாத பயிற்சியாளர், காயப்பட்டவரையும் ஒரு வாரம் முன்னதாகவே இறக்குவார். ஒருமுறை கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி கிழியும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே காயங்கள் தனித்தனியாக வருவதில்லை, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். சில அணிகள் பருவத்தின் நடுவில் திடீரென்று சரிவதை அதிர்ஷ்டம் கெட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எனக்கு அது முக்கால்வாசி பெஞ்சின் கதையாகத்தான் தெரிகிறது.

நம் அணியின் 2015 பருவத்தை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 3 முதல் டிசம்பர் 20 வரை, 79 நாளில், இறுதிவரை போன அணி ஆடியது 17 ஆட்டம். சராசரியாக ஐந்து நாளுக்கும் குறைவான இடைவெளி. நடுவில் கவுகாத்தி வரை விமானப் பயணங்கள். டிசம்பரில் ஊரையே மூழ்கடித்த மழை வந்து, சென்னையில் நடக்கவேண்டிய அரை இறுதியைப் புனேவில் ஆட வேண்டியதாயிற்று. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், முடியும் தருவாயில் 1-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று வென்றோம். நம் மெண்டோசா அந்த மூன்றாவது கோலை அடித்தது கூடுதல் நிமிடங்களில். பதினேழாவது ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடம் தாண்டியும் அந்தக் கால்களில் வேக ஓட்டம் மிச்சம் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

புதிதாக வருபவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர் தேசத்திலிருந்து வந்து இறங்கும் வீரர் முதல் இரண்டு ஆட்டத்தில் திணறினால் உடனே "இவனயா இவ்ளோ காசு குடுத்து எடுத்தாங்க" என்று தொடங்கிவிடுகிறோம். அவர் திணறுவது பெரும்பாலும் நம் ஊர்ப் புழுக்கத்தோடு.

தசை செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசிகூட ஓட்டமாக மாறுவதில்லை. மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டை உடம்பு வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை, ஆனால் வியர்வை வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். சொட்டித் தரையில் விழுந்தால் எதுவும் கொண்டுபோகாது. அக்டோபர் மாதச் சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சொட்டுகிறது, ஆவியாவதில்லை. குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், ஓட ரத்தம் தசைக்குப் போக வேண்டும், இதயம் இரண்டுக்கும் ஈடுகொடுக்கத் தவிக்கிறது. ஃபிஃபா தண்ணீர் இடைவேளை விடுவதற்குப் பயன்படுத்தும் வெப்ப அளவீட்டில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70% எடை தருகிறார்கள். வெறும் காற்றின் வெப்பநிலைக்கு 10%தான். டெல்லியின் வறண்ட 40 டிகிரியைவிடச் சென்னையின் ஈரமான 33 சில நாள் கொடுமையாக இருப்பது இதனால்தான்.

நல்ல செய்தி, உடம்பு இதைக் கற்றுக்கொள்ளும். தினமும் வெயிலில் பயிற்சி செய்தால் முதல் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி இதயத் துடிப்பு இறங்கும். அப்புறம் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். மொத்தத்தில் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் அவரைப் பாதி நேரம் மட்டும் ஆடவைக்க வேண்டுமென்றால், மீதிப் பாதியை ஆட ஒருவர் வேண்டுமே! 2020-இல் தற்காலிகமாக வந்து 2022-இல் விதியாகவே ஆகிவிட்ட ஐந்து மாற்று வீரர் முறை இதற்குப் பெரிய உதவி. கோல்கீப்பரைத் தவிர்த்தால் களத்தில் இருக்கும் பத்துப் பேரில் பாதியை மாற்றிவிடலாம். ஆனால் மாற்ற ஆள் இருக்கும் அணிக்குத்தான் அது உதவி.

சரி, என் நண்பனின் மூன்றாவது சென்டர் பேக். போன வாரம் ஒரு டீக்கடை பில்லின் பின்பக்கம் அவனுக்கு எழுதியே காட்டினேன். அதே 90% கணக்குத்தான். அணியில் இரண்டே சென்டர் பேக் இருந்தால், இரண்டு இடமும் சரியான ஆளால் நிரம்ப வாய்ப்பு 81%. ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் மிட்ஃபீல்டரை இழுத்துவந்து பின்னால் நிறுத்த வேண்டியிருக்கும். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் 97%. ஒரே ஆள் பதினாறு சதவீதப் புள்ளி ஏற்றிவிடுகிறார்! நான்காவது ஆள்? 99.6%. அவர் தருவது இரண்டரைப் புள்ளிதான்.

அவன் கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ ஃபுல் பேக்குக்கு? லெஃப்ட்டுக்கு ஒரு சப், ரைட்டுக்கு ஒரு சப்னு ரெண்டு பேர் வேணுமா?"

ஃபுல் பேக் என்றால் தற்காப்பின் இடது, வலது ஓரங்களில் நிற்பவர். அதையும் போட்டோம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாற்று ஆள் என்றால் 98%. இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த ஒரே ஒருவர் என்றால் 97.2%. ஒரு முழுச் சம்பளம் மிச்சம், இழப்பது ஒரு புள்ளிக்கும் குறைவு. வியாசர்பாடி, கண்ணகி நகர் மைதானங்களில் ஆள் குறையும்போதெல்லாம் எந்த இடத்திலும் இறங்கி ஆடிப் பழகிய பையன்களின் மதிப்பு அந்த எண்ணில் இருக்கிறது.

"அப்போ அந்த மிச்சக் காசுல ஸ்ட்ரைக்கர் எடுக்கலாம்" என்றான். எடுக்கலாம்தான். ஆனால் ஐஎஸ்எல்லில் 2021-22 பருவம் முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்தான் என்று ஆகிவிட்டதால், அந்த ஸ்ட்ரைக்கர் எந்த ஊர்க்காரர் என்பதில் அடுத்த சண்டை தொடங்கியது. கடைக்காரர் அடுப்பை அணைக்கும்போதும் அது முடிந்திருக்கவில்லை.