மெட்ரோ: சின்ன ஊருக்கும் பொருந்தும் தமிழ்ச்சொல் எது?

மெட்ரோ: நகருக்குள், சாலைப் போக்குவரத்தோடு எங்கும் கலக்காமல், தனக்கென்று போட்ட தடத்தில் சில நிமிடங்களுக்கு ஒன்றாக ஓடும் மின்சார ரயில்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘மேட்டர்’ என்றால் தாய், ‘போலிஸ்’ என்றால் நகரம். கடல் கடந்து குடியேறிய கிரேக்கர்கள், தாங்கள் புறப்பட்டு வந்த ஊரை ‘மெட்ரோபோலிஸ்’ என்றார்கள். சிசிலித் தீவின் சிரக்கூசுக்குக் கொரிந்து அப்படி ஒரு தாய்நகர். தலைநகர், பெருநகர் என்ற பொருள்கள் பிறகு ஏறியவை. நீளத்தை அளக்கும் மீட்டருக்கும் இதற்கும் உறவில்லை. அதன் வேர் வேறு.

ரயிலுக்கு இந்தப் பெயர் வந்தது லண்டனில். 1863இல் நிலத்தடியில் ஓடத் தொடங்கிய ‘மெட்ரோபாலிட்டன் ரயில்வே’ ஒரு நிறுவனத்தின் பெயர்தான். சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின் இழுத்தது, ஆக முதல் மெட்ரோ அசல் புகைவண்டி. 1900இல் பாரிஸில் திறந்த தடத்தின் நீண்ட பெயரை மக்கள் ‘மெட்ரோ’ என்று சுருக்கினார்கள். உலகம் எடுத்துக்கொண்டது அந்தச் சுருக்கத்தைத்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘சுரங்க ரயில்’ சரிவராது. மெட்ரோ பல இடங்களில் தூண்களின் மேல் ஓடுகிறது. ‘பெருநகர் ரயில்’ சொல்லுக்குச் சொல் நேரானது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பெயரிலேயே ‘பெருநகர்’ இருக்கிறது. ஆனால் நம் அரசமைப்புச் சட்டத்தின்படி பெருநகர்ப் பகுதி என்றால் 10 லட்சம் பேராவது இருக்க வேண்டும். அப்படியானால் மெட்ரோ ஓடும் சின்ன ஊரான சுவிட்சர்லாந்தின் லோசானை என்ன செய்வது?

லோசானின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.4 லட்சம். ஏரிக்கரையிலிருந்து மலைச்சரிவில் ஏறும் ஊர். 1877இல் ஏரிக்கரையின் ஊஷியிலிருந்து மேலே கம்பிவடம் இழுக்கும் ரயில் போட்டார்கள். ஊர்மக்கள் அதை ‘ஃபிசெல்’ என்றார்கள், கயிறு என்று பொருள். எத்தனை பொருத்தமான பெயர்! ஏறுவதற்கு அந்தக் கயிறுதானே ஆதாரம். 1958இல் வடத்தை எடுத்துவிட்டுப் பற்சக்கரத் தடமாக்கினார்கள். அப்புறம் அந்தத் தடத்தையே மேலே நீட்டி, 2008இல் எம்2 என்ற மெட்ரோ தடத்தைத் திறந்தார்கள். சுமார் 6 கிலோமீட்டர், 14 நிலையங்கள், ஓட்டுநர் கிடையாது. கீழ்நிலையத்துக்கும் மேல்நிலையத்துக்கும் உயர வேறுபாடு 330 மீட்டருக்கு மேல். 100 மீட்டருக்கு 12 மீட்டர் ஏறும் இடங்களும் உண்டு. இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும் என்பதால் ரப்பர் டயர். சில நிலையங்களில் நடைமேடையே சரிவாக இருக்கிறது, ரயிலும் சாய்ந்தபடியே நின்று ஆளேற்றுகிறது.

இதைப் ‘பெருநகர் ரயில்’ என்றால் பொய்யாகிவிடும். மெட்ரோவை மெட்ரோவாக்குவது ஊரின் பருமன் இல்லை, யாருக்கும் வழிவிட்டு நிற்கத் தேவையில்லாத தடம். அதனால் ‘தனித்தட ரயில்’ என்பதே என் தேர்வு. தேவைப்படும் இடத்தில் ‘நகரத் தனித்தட ரயில்’. ‘விரைவு ரயில்’ என்ற சொல்லை எக்ஸ்பிரஸ் வண்டி ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. பேச்சிலும் நிறுவனப் பெயரிலும் ‘மெட்ரோ’ அப்படியே இருக்கட்டும், அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் பாடநூலிலும் திட்ட அறிக்கையிலும் ஒரு வகையைக் குறிக்கும்போது, பொருளைத் தானே சொல்லும் சொல் வேண்டும்.

இந்தச் சொல் பிரித்துக் காட்டவும் உதவும். லோசானிலேயே 1991இல் திறந்த எம்1 என்ற தடமும் மெட்ரோ என்றுதான் அழைக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி இரு திசை வண்டிகளுக்கும் ஒரே தடம்தான், வழியில் சாலைகளைத் தரைமட்டத்திலேயே கடக்கிறது. எனவே எம்2 தனித்தட ரயில். எம்1 அந்தக் கணக்கில் சேராது.