பந்தலில் பறித்த பழம்தானே என்று நாய்க்குட்டிக்குக் கொடுக்காதீர்கள்

ஓணம் முடிந்த மறுவாரம், குமுளியிலிருந்து ஒரு குடும்பம் நான்கு மாத லாப்ரடார் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மலையிறங்கிக் கம்பத்தில் உள்ள என் மருத்துவமனைக்கு வந்தது. இரண்டு நாட்களாக வாந்தி. அன்று காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவேயில்லை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வதைப் போலவே ‘சோறும் கோழியும்தான், டாக்டர்’ என்றார்கள். நான் மூன்றாம் முறையாகக் கேட்டபோதுதான், குட்டிக்கு உட்காரப் பழக்கியதாகவும், அது உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு கிஸ்மிஸ் கொடுத்ததாகவும் அந்த வீட்டுச் சிறுவன் சொன்னான். பாயசத்துக்கு வாங்கி மிஞ்சிய பொட்டலம் அது. பிஸ்கட்டில் சர்க்கரை இருக்கிறது, அதற்குப் பதிலாக உலர்பழம் கொடு என்று யோசனை சொன்னவர்கள் வீட்டுப் பெரியவர்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் குட்டி பிழைக்கவில்லை. இந்த ஆண்டில் எனக்கு இது மூன்றாவது குட்டி.

திராட்சை, உலர்திராட்சை இரண்டுமே நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. இதை வேறு ஊரில் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை விளையும், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட இந்தப் பள்ளத்தாக்கில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, ‘அது மருந்தடித்த பழமாக இருக்கும், எங்கள் பந்தலில் மருந்தே அடிப்பதில்லை’ என்கிறார்கள். அல்லது மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவிக் கொடுத்ததாகப் பெருமையோடு சொல்கிறார்கள். என் பொறுமையை இதைவிடச் சோதிக்கும் பேச்சு வேறில்லை. ஆகவே ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கெடுதல் தோலின் மேல் படிந்த பூச்சிமருந்தில் இல்லை, பழத்துக்குள்ளேயே இருக்கிறது. திராட்சையில் இயற்கையாக உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் இதேபோலக் கெட்டதை அடுத்த ஆண்டே பதிவுசெய்தார்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அந்தப் புளிப்பை நாயின் சிறுநீரகம் தாங்குவதில்லை. எனவே கழுவினாலும் தோலை உரித்தாலும் விதையை எடுத்தாலும், இயற்கை உரத்தில் விளைந்ததாகவே இருந்தாலும் பயனில்லை. வேகவைத்தாலும் அது போகாது. டிசம்பர் மாதத்தில் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து பேக்கரிகளிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கும் பிளம் கேக்கும் இதில் அடக்கம்.

அடுத்த வாதம் தோட்டத்து நாயைப் பற்றியது. உதிர்ந்த பழத்தையெல்லாம் தின்றுவிட்டு அது நன்றாகத்தானே சுற்றுகிறது, நம் கோம்பை நாய்க்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார்கள். பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறுகிறது. நாய்க்கு நாய் தாங்கும் திறனும் மாறுகிறது. ஒரு கொத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாத நாயும் உண்டு, ஒரு கைப்பிடியில் சாய்ந்த நாயும் உண்டு. இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று எந்த மருத்துவராலும் வரம்பு சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். மேலும், தோட்டத்தில் செத்துக் கிடக்கும் நாய்க்கு யாரும் இரத்தப் பரிசோதனை செய்வதில்லை. பாம்பு கடித்திருக்கும் என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். கோம்பையானாலும் ராஜபாளையமானாலும் சிறுநீரகம் ஒன்றுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்லேட் கூடாது. வெங்காயமும் பூண்டும் பச்சையாகவோ வெந்தோ கூடாது. அதனால் சால்னாவில் நனைத்த பரோட்டாத் துண்டும் கூடாது. சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் மிட்டாய், சூயிங்கம் ஆகியவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருந்தால் ஒரே துண்டு கூடக் குட்டிக்கு ஆபத்து. வெந்த கோழி எலும்பைப் பற்றி எத்தனை முறைதான் சொல்வது? பிஸ்கட் உயிரை எடுக்காது. ஆனால் அது மைதாவும் சர்க்கரையும்தான், நாளொன்றுக்கு அரைப் பாக்கெட் கொடுத்துவிட்டுக் குட்டி சோறு தின்ன மறுக்கிறது என்று என்னிடம் வந்து முறையிடுவதில் நியாயமில்லை.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது என்று கேட்பீர்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை, வேகவைத்த கேரட் அல்லது பூசணி போதும். இதைவிட எளிய வழியும் உண்டு: குட்டியின் அன்றாடத் தீனியிலிருந்து ஒரு கைப்பிடியைக் காலையிலேயே தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு அதையே பயன்படுத்துங்கள். துண்டு கொண்டைக்கடலைக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டாம். சிறிய துண்டே நாய்க்குப் போதும். பயிற்சியில் கொடுப்பதெல்லாம் சேர்ந்து நாளுணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் தீனியைக் குறைத்துவிடுங்கள்.

எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் பிழை நடக்கிறது. குட்டி உட்கார்ந்த அந்த ஓரிரு நொடிக்குள் துண்டு வாய்க்குப் போக வேண்டும். அது உட்கார்ந்தபின் நாம் அடுக்களைக்குப் போய் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் குட்டி எழுந்து நின்றிருக்கும். எழுந்து நின்றதற்குத்தான் கூலி கிடைத்தது என்று அது புரிந்துகொள்ளும். துண்டை முன்னால் காட்டிக் காட்டியே வேலை வாங்குவதும் தவறு, அது கூலியல்ல, லஞ்சம். லஞ்சம் கண்ணில் படாத அன்று நாய் அசையாது. எல்லையோர வீடுகளுக்கு இன்னொரு வார்த்தை: பாட்டி ‘உட்கார்’ என்றும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ‘இரி’ என்றும், கல்லூரி மாணவர் ‘சிட்’ என்றும் சொன்னால், மூன்று மாதக் குட்டி என்ன செய்யும்? எந்த மொழியானாலும் சரி, ஒரே சொல்லாக இருக்கட்டும்.

குட்டி திராட்சையைத் தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் வாந்தி எடுக்கவைத்துப் பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். தாமதமானால் சிறுநீரகம் கெடுவதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும், அதற்கிடையில் குட்டி தேறிவிட்டதைப் போலத் தோன்றி ஏமாற்றும். தயவுசெய்து வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், அந்த உப்பே குட்டியைக் கொன்றுவிடக்கூடும். எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை பழம் என்பதைக் குறித்துக்கொண்டு, பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, இரவானாலும் புறப்பட்டு வாருங்கள். பிள்ளைகளிடம் கேட்கும்போது அதட்டாமல் கேளுங்கள். அடிக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நான் குட்டியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.