யமஹா எம்டி-07 ஓட்டிப் பாத்துட்டு யமஹா ஆர்7 எடுக்கறவங்க கொஞ்சம் இதப் படிச்சுட்டுப் போங்க

போன மாசம் ஒரு தம்பி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாரு. வண்டிய நிறுத்திட்டு இறங்கினவரு ஹெல்மெட்ட கூட கழட்டல, இடது கை கிளவுஸ உருவிட்டு கையை நாலு தடவ உதறினாரு. "அண்ணா, ஹேண்டில்பார்ல வைப்ரேஷன் ஜாஸ்தியா இருக்கு, அரை மணி நேரம் ஓட்டினா சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துப் போயிடுது, இன்ஜின் மவுண்ட் லூசா இருக்கானு பாருங்க"ன்னாரு.

பாத்தேன். மவுண்ட் போல்ட் எல்லாம் சரியான இறுக்கத்துல இருந்துச்சு, பார் எண்ட் வெயிட் கெட்டியா இருந்துச்சு, டயர்ல காத்தும் கரெக்ட். அப்புறம் கிரிப்ப பாத்தேன். உள்ளங்கையோட அடிப்பக்கம், அதாவது சுண்டு விரலுக்குக் கீழ இருக்கற மேடு வந்து அழுத்துற இடத்துல மட்டும் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. டேங்க் சைடுல முட்டி உரசுற இடம் மட்டும் புது வண்டி மாதிரி பளபளன்னு, ஒரு கீறல் இல்ல. அப்பவே விஷயம் புரிஞ்சு போச்சு. அவரோட மேல் உடம்பு பாரம் மொத்தமும் ரெண்டு உள்ளங்கையிலதான் நிக்குது, சுண்டு விரலுக்குப் போற நரம்பு சரியா அந்த மேட்டு வழியாத்தான் போகுது, அது நசுங்கினா மரத்துத்தான் போகும்.

வண்டி யமஹா ஆர்7, 2022 மாடல். வண்டில ஒரு குறையும் இல்லைங்க, அத முதல்லயே சொல்லிடறேன். எப்படி செலக்ட் பண்ணீங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது: "எம்டி-07 ஓட்டிப் பாத்தேன்ணா, ரொம்ப புடிச்சுது, அதே இன்ஜின்தானே, ஃபேரிங் இருக்கட்டுமேன்னு இத எடுத்துட்டேன்." (ஃபேரிங்னா முன்னாடியும் சைடுலயும் வண்டிய மூடியிருக்கற பிளாஸ்டிக் கவர்.)

இந்த "அதே இன்ஜின்தானே"ங்கற வார்த்தைய எத்தன பேர் வாயில கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

இன்ஜின் அதேதான், அதுல சந்தேகமே வேணாம். ரெண்டுலயும் 689 சிசி சிபி2 (இது யமஹா வச்ச பேரு) பேரலல் ட்வின், அதாவது பக்கத்துல பக்கத்துல ரெண்டு சிலிண்டர், 270 டிகிரி கிராங்க், ரெண்டு சிலிண்டரும் சம இடைவெளில வெடிக்காம 270க்கு ஒண்ணு 450க்கு ஒண்ணுன்னு வெடிக்கும், அதனாலதான் வி-ட்வின் மாதிரி அந்த தடதட சத்தம் வருது. 73 பிஎஸ் பவர், 67 என்எம் டார்க், அந்த டார்க்கும் 6,500 ஆர்பிஎம்லயே வந்துடுது. எம்டில பின்னாடி ஸ்ப்ராக்கெட் 43 பல்லு, ஆர்7ல 42, ஒரே ஒரு பல்லு வித்தியாசம். இதே இன்ஜின்தான் எக்ஸ்எஸ்ஆர்700லயும், ட்ரேசர் 7லயும், 21 இன்ச் முன் வீல் போட்ட டெனரே 700லயும் ஓடுது. இன்ஜின் ஒண்ணா இருந்தா வண்டியும் ஒண்ணுன்னா டெனரேவும் ஆர்7உம் ஒரே வண்டின்னு சொல்லணும், அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா எம்டின்னு வரும்போது மட்டும் எல்லாரும் ஏமாந்துடறாங்க, ஏன்னா ரெண்டும் 17 இன்ச் வீல், ரெண்டுக்கும் டயர் சைஸ் கூட ஒண்ணு.

வித்தியாசம் நீங்க உட்கார்ற இடத்துல இருக்கு. எம்டி சீட் 805 மிமீ உயரம், ஆர்7 835. ஷோரூம்ல நின்னுட்டு பாத்தா 30 மிமீ ஒரு விஷயமாவே தெரியாது, ஆனா சரிவான இடத்துல சிக்னல்ல ஒரு கால மட்டும் நுனில ஊனிட்டு நிக்கும்போது தெரியும். எம்டில ஹேண்டில்பார் மேல, உங்கள நோக்கி வளைஞ்சு வரும். ஆர்7ல ரெண்டு தனித்தனி கைப்பிடி, கிளிப்-ஆன்னு சொல்லுவாங்க, ஃபோர்க்க (முன் வீல தாங்கற ரெண்டு குழாய்) புடிச்சுக்கிட்டு கீழ இருக்கும், ஃபுட்பெக் பின்னாடி மேல போயிருக்கும். ஃபோர்க்கோட சாய்வு, ரேக்னு சொல்லுவாங்களே, எம்டில கிட்டத்தட்ட 25 டிகிரி, ஆர்7ல 24க்கும் கீழ. வீல்பேஸ் 1400ல இருந்து 1395. பேப்பர்ல பாத்தா சின்னச் சின்ன நம்பர்தான். ஆனா எல்லாம் சேந்து ஒரே வேலைய செய்யுது, உங்க பாரத்தையும் வண்டி பாரத்தையும் முன் வீல் மேல தள்ளுது. வளைவுல முன் டயர் ரோட்ட என்ன பண்ணுதுன்னு கைக்குத் தெரியணும்ல, அதுக்காகவே செஞ்சது அது. ஆர்7ல ஃபோர்க் முழுசா அட்ஜஸ்ட் பண்ற அப்-சைட்-டவுன், பிரேக்குக்கு பிரெம்போ ரேடியல் மாஸ்டர் சிலிண்டர், வளைவு ரோட்டுலயும் டிராக்லயும் இதோட அருமை தெரியும், நானே ஓட்டி ரசிச்சிருக்கேன்.

ஒண்ணு கவனிங்க, இந்த மாதிரி குனிஞ்ச பொசிஷன் வேகத்துல வலிக்காது. ஹைவேல நல்ல ஸ்பீடுல போகும்போது எதிர்க்காத்து நெஞ்ச புடிச்சு லேசா தூக்கும், கைக்கு பாரம் கொறையும். டிராஃபிக்ல அந்தக் காத்து கிடையாது, உங்க நெஞ்சு, தோளு, ஹெல்மெட், முதுகுல மாட்டின லேப்டாப் பேக் எல்லாத்தையும் மணிக்கட்டுதான் தாங்கணும். தினமும் ஒன்றரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து ஆபீஸ் போறவரு ஆர்7 எடுத்தா அதோட நல்லது எதையும் அனுபவிக்காம கஷ்டத்த மட்டும் வாங்கிக்கறாரு. அவங்களுக்கு நான் தயங்காம எம்டின்னுதான் சொல்லுவேன்.

அடுத்து பேரு பண்ற குழப்பம். ஆர்7னதும் சில பேரு ஆர்6அ விட ஒரு படி மேலன்னு நினைச்சுட்டு வர்றாங்க. 1999ல ஒரு ஆர்7 வந்துச்சு, ஓடபிள்யூ-02ன்னு சொல்லுவாங்க, 749 சிசி, நாலு சிலிண்டர், ரேஸ் விதிக்காக 500 வண்டிதான் செஞ்சாங்க. 2021ல வந்த ஆர்7க்கும் அதுக்கும் பேரத் தவிர ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆர்6 வேற ஜாதி, 599 சிசி நாலு சிலிண்டர், 118 பிஎஸ், ஆனா அந்த பவர் 14,500 ஆர்பிஎம்ல, டார்க் 61.7 என்எம் அதுவும் 10,500ல. அந்த உயரத்துக்கு ரோட்டுல எங்க சுத்த முடியும்? நாம தினமும் ஓட்டற 4,000, 5,000 ஆர்பிஎம்ல ஆர்7தான் கைக்கு அடங்கி நல்லா இழுக்கும். அதனால "ஆர்7 பவர் கம்மி, செகண்ட் ஹேண்ட் ஆர்6 எடுத்துக்கறேன்"னு முதல் பெரிய வண்டியா ஆர்6 எடுக்கப் போறவங்கள கெஞ்சிக் கேட்டுக்கறேன், வேணாம். 10,000க்கு மேல அது திடீர்னு கிளம்பும்போது உங்க வலது கை அதுக்குப் பழகியிருக்கணும். சீட்டும் 850, குனியறதும் இன்னும் ஜாஸ்தி.

எலக்ட்ரானிக்ஸ்ல மாடல் வருஷத்த கேக்காம வாங்காதீங்க. 2021ல வந்த ஆர்7ல ஏபிஎஸ் உண்டு, பின் வீல் வழுக்கி சுத்தறத தடுக்கற டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது, த்ராட்டில் கேபிள்தான். 2025 எம்டி-07ல ரைட்-பை-வயர் (கேபிளுக்கு பதிலா எலக்ட்ரானிக் த்ராட்டில்) வந்துடுச்சு, அப்-சைட்-டவுன் ஃபோர்க்கும் வந்துடுச்சு. 2026 ஆர்7ல வண்டி எவ்வளவு சாயுதுன்னு கவனிக்கற சிக்ஸ்-ஆக்சிஸ் ஐஎம்யூ சென்சார் வரைக்கும் போயிட்டாங்க. ஈர ரோட்டுல வளைவுல இருந்து வெளிய வரும்போது பழைய ஆர்7ல பின் டயர காப்பாத்தறது நீங்க மட்டும்தான், ஃபிரெண்டோட புது வண்டிய ஓட்டிப் பாத்துட்டு பழசு வாங்கறவங்களுக்கு இது தெரிஞ்சே ஆகணும்.

சரி, அந்தத் தம்பிக்கு வர்றேன். பின்னாடி பேடாக் ஸ்டாண்ட் போட்டு வண்டில உட்கார வச்சேன். முட்டியால டேங்க இறுக்கிப் புடிச்சுட்டு ரெண்டு கையையும் கிரிப்ப விட்டு ஒரு இன்ச் தூக்குங்கன்னேன். மூணு செகண்ட் தாங்கல, நெஞ்சு டேங்க்ல போய் இடிச்சுது. இடுப்ப சீட்ல கொஞ்சம் பின்னாடி தள்ள வச்சு, முதுக வளைக்காம இடுப்புல இருந்து குனிய சொல்லி, குதிகால உள்பக்கம் ஒட்ட வச்சு மறுபடியும் தூக்க சொன்னா இருபது செகண்ட் நின்னாரு. அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் பிரேக், கிளட்ச் லீவர பாத்தா அது ரொம்ப மேல நோக்கி இருந்துச்சு, முன்கைக்கு நேர் கோட்டுல வர்ற மாதிரி கீழ இறக்கினேன், மணிக்கட்டு மடங்கறது நின்னுச்சு.

ஃபோர்க் குழாய்ல ஒரு ஜிப் டை கட்டி சேக் அளந்தேன், அதாவது ஆள் பாரத்துக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குதுன்னு. அவரு ஏறி உட்கார்ந்தா 50 மிமீ இறங்குது. மொத்த டிராவலே 130, ரோட்டுக்கு 30ல இருந்து 40 வரைக்கும் போதும், அதாவது உட்காரும்போதே முன்பக்கம் தேவைக்கு மேல அமுங்கி அவர இன்னும் கீழ சாய்க்குது. ப்ரீலோட, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கற அளவ, கொஞ்சம் ஏத்தினதும் 38க்கு வந்துச்சு. பழைய எம்டில முன்னாடி இத அட்ஜஸ்ட் பண்ணவே வழி கிடையாது, ஆர்7ல கம்பெனியே குடுத்திருக்கு, ஆனா எங்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசி பேரு அந்த ஸ்க்ரூவ ஒரு தடவ கூட திருப்பினதில்ல. இதுக்கப்புறமும் ரெண்டு மூணு வாரத்துல விரல் மரத்துப் போறது நிக்கலைன்னா டாக்டர்கிட்ட போங்கன்னும் சொல்லி அனுப்பினேன், நரம்பு விஷயத்துல தள்ளிப் போடக் கூடாது.

கிளம்பும்போது அவரு கேட்டது, "ஹேண்டில்பார உயர்த்திக்கலாமாண்ணா?" உயர்த்தலாம், அதுக்குன்னே ரைசர் கிட் விக்குது. ஆனா உயர்த்தின பிறகு பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் எட்டுதானு யாரும் பாக்கறதில்ல, எங்கிட்ட வந்த ஒரு வண்டில ஹோஸ் தந்தி மாதிரி விறைச்சுப் போய் நின்னுச்சு. மாட்டினதும் வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஹேண்டில இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவா திருப்புங்க, ஹோஸ் இழுக்குதா, கை டேங்க்ல இடிக்குதான்னு பாருங்க, திருப்பும்போது ஆர்பிஎம் தானா ஏறுச்சுன்னா த்ராட்டில் கேபிள் இழுபடுதுன்னு அர்த்தம், அந்த வண்டிய அன்னிக்கு ரோட்டுக்கு எடுக்காதீங்க.