பரம்பரை வீக்கம்: அதைத் தடுக்கும் மருந்தைக் குழந்தையிடம் சோதிக்கலாமா?

"குழந்தை மேல மருந்தைச் சோதிச்சுப் பாக்குறாங்களா டாக்டர்?" என்று பெற்றோர் பயத்தோடு கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் சோதிக்காத மருந்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்தான் எனக்குப் பயம் அதிகம்.

ஹெரிடிட்டரி ஆஞ்சியோஎடிமா என்ற பரம்பரை வீக்கம் சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய். ரத்தத்தில் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் குறைந்திருக்கும், அல்லது இருந்தும் வேலை செய்யாது. அதனால் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி உருவாகி, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து முகமும் கைகால்களும் வீங்கும். அரிப்பு இருக்காது. குடல் வீங்கினால் கடும் வயிற்றுவலி. குடல்வால் அழற்சி என்று நினைத்து ஆபரேஷன் வரை போவதும் உண்டு. தொண்டை வீங்கினால் உயிருக்கே ஆபத்து. அலர்ஜிக்குப் போடும் ஊசிகள் இதற்குக் கேட்காது.

பெரியவர்களுக்குத் தடுப்பாகக் கொடுக்கும் டானசோல் ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. வளரும் பிள்ளையின் வளர்ச்சியையும் பருவமடைதலையும் அது குலைத்துவிடும். அதனால்தான் வேறு மருந்துகளைக் குழந்தைகளிடமே சோதிக்க வேண்டியிருக்கிறது.

லனடெலுமாப் என்ற தடுப்பு ஊசிமருந்துக்கு நடந்த ஸ்பிரிங் என்ற ஆய்வைப் பாருங்கள். 2 முதல் 11 வயது வரையிலான 21 பிள்ளைகள், ஓராண்டு. 6 வயதுக்குக் கீழே 4 வாரத்துக்கு ஒரு ஊசி, அதற்கு மேல் 2 வாரத்துக்கு ஒன்று. மருந்தில்லாத போலி ஊசி யாருக்கும் போடவில்லை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டு மருந்தின் பலன் முன்பே தெரிந்திருந்தது. சிறு உடலில் மருந்து எவ்வளவு நிற்கிறது, பாதுகாப்பானதா என்பவைதான் இங்கே முக்கியக் கேள்விகள். ஊசிக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் வீக்கம் வரும் தடவைகள் சுமார் 95 சதவீதம் குறைந்தன. ஊசி போட்ட இடத்தில் வலிதான் அதிகம் சொல்லப்பட்ட தொல்லை. 2023இல் அமெரிக்காவில் 2 வயது முதல் இதற்கு அனுமதி கிடைத்தது.

21 பேர்தானா என்று கேட்கலாம். இவ்வளவு அரிய நோயில் அந்த வயதுப் பிள்ளைகளைத் திரட்டுவதே பெரும்பாடு. ஆனால் அபூர்வமாக வரும் பக்கவிளைவு 21 பேரில் தெரியாமல் போகலாம் என்பதும் உண்மை. அதனால் அனுமதிக்குப் பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. தாய் அல்லது தகப்பனுக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் சி4 (ரத்தத்தில் உள்ள இன்னொரு புரதம்), சி1 இன்ஹிபிட்டர் ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் எடுத்த முடிவை நம்பிவிட வேண்டாம். ஒரு வயது முடிந்த பிறகு மறுபடி எடுக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு. சுமார் கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்.